பொதுப் பந்தியில் யார் வீட்டுப் பானை?
(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கடவுள், மதம், சாஸ்திரம் என்பவைகளைப் பற்றியே இந்த மேடையில் கேட்டுப் பழகிய உங்களுக்கு, இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிரிப்பு வரலாம். "இதற்கு ஒரு கூட்டமா?" என்றுகூடச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்த நாட்டில் மதமும் சாஸ்திரமும் கோயிலில் குடியிருப்பதைவிட அடுக்களையில்தான் அதிகமாகக் குடியிருக்கின்றன. கோயில் பக்கமே போகாதவன், நெற்றியில் ஒன்றும் பூசாதவன், மேடை ஏறிப் பகுத்தறிவு பேசுகிறவன்கூட, தன் வீட்டுச் சோற்றுப் பானையை யார் தொடலாம், யார் வீட்டுச் சோற்றைத் தான் தொடலாம் என்கிற விஷயத்துக்கு வரும்போது மனு எழுதி வைத்தபடியே நடந்து கொள்வதைப் பார்க்கிறோம். ஆகையால் இது சிரித்து விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

இப்போது பட்டணங்களில் ஒரு வழக்கம் பரவி இருக்கிறது. ஆபீசிலோ, கல்லூரியிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, ஆளுக்கு ஒரு பண்டமாக வீட்டிலிருந்து கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்து, எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பிடுவது. இதற்கு இங்கிலீஷில் பாட்லக் என்று பெயர். பெயர்தான் புதிதே ஒழிய காரியம் நமக்குப் புதிதல்ல. தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசியும், ஒரு கை பருப்பும், ஒரு கத்தரிக்காயும் கொண்டுவந்து மரத்தடியில் மூன்று கல்லை வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கித் தின்றிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு சோறே பெரியவர்கள் சமையலில் இருக்கிறது. ஆனால் அந்த மரத்தடிக்கும் எந்தத் தெருப் பிள்ளை வரலாம், எந்தத் தெருப் பிள்ளை தூர நின்று பார்க்கலாம் என்று ஒரு கணக்கு இருந்ததா இல்லையா? உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும்.

பழைய கிராமத்து ஏற்பாட்டை முதலில் கவனியுங்கள். ஊர்ப் பொது விருந்து என்றால் எல்லா ஜாதியாரும் கொடுத்தாக வேண்டும். சேரியிலிருந்து நெல் வரும், விறகு வரும், பூசணிக்காய் வரும், வாழை இலை வரும், ஆடுகூட வரும். நெல்லை அறுத்தவன் சேரிக்காரன். அடித்தவன், தூற்றியவன், மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியவன் எல்லாம் அவன்தான். பல இடங்களில் அதைக் குத்தி அரிசியாக்கியதும் அவன் பெண்டாட்டிதான். இவ்வளவு கையும் பட்ட பிறகும் அதில் தீட்டு இல்லை. அந்த அரிசியையே அவன் தன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றி வேகவைத்துக் கொண்டுவந்தால், உடனே தீட்டு வந்து ஒட்டிக் கொள்கிறது! நெருப்பிலே போட்டால் அழுக்குப் போகும் என்றுதான் உலகத்திலே எல்லோரும் சொல்லுகிறார்கள். நம் நாட்டுச் சாஸ்திரப்படி மட்டும் நெருப்பிலே போட்ட பிறகுதான் அழுக்கு உண்டாகிறது!

இதிலே இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வைதிகர் வீடுகளில் சோறு, குழம்பு "பத்து". அதைத் தொட்ட கையால் வேறொன்றையும் தொடக்கூடாது. பழத்துக்கும் பச்சைக் காய்க்கும் அந்தத் தோஷம் கிடையாது. நெய்யில் வெந்த பலகாரத்துக்கும் கொஞ்சம் தயவு உண்டு. அதாவது ஏழை ஆக்கித் தின்கிற தண்ணீர்ச் சோற்றுக்குத்தான் முழுத் தீட்டு. நெய்க்குச் செலவு செய்யக் கூடியவன் வீட்டுப் பண்டத்துக்குப் பாதித் தீட்டு. சும்மா கிடைக்கிற நெல்லுக்கும் ஆட்டுக்கும் வாழைத்தாருக்கும் தீட்டே கிடையாது. இதை எழுதி வைத்தவன் வயிற்றுக்குத் துரோகம் செய்து கொள்ளாமல்தான் எழுதியிருக்கிறான்!

ஆகவே ஒருவர் வீட்டுச் சமையல் இன்னொருவர் பந்திக்குப் போவது என்பது நம் ஊர்களில் அநேகமாக இல்லாத காரியம். பிரயாணத்துக்குக் கட்டுச்சோறு உண்டு. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரையில் சித்திரான்னம் உண்டு: புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல். இவை ஏன் வந்தன என்று கேட்டால் ஆற்றம்மாளுக்குப் பிரியம் என்பார்கள். புளிப்பு இருக்கிற இடத்தில் கிருமி சுலபத்தில் வளராது. நல்லெண்ணெயிட்டுக் கிளறி ஈரத்தைக் குறைத்த சோறு சாயங்காலம் வரை ஊசாமல் இருக்கும். வெறுஞ்சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடி வைத்தால் அதில் விஷக்கிருமி பெருகும் என்று இப்போது எந்த வைத்தியரும் சொல்லுவார். நம் பாட்டிமார் அனுபவத்தில் கண்ட நல்ல காரியத்துக்குப் புராணம் ஒன்றை ஒட்ட வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காவிரிக்கரையிலே நடந்ததைப் பாருங்கள். ஒவ்வொரு ஜாதியும் தனித்தனி வட்டமாக உட்கார்ந்தது. வட்டத்துக்கு வட்டம் பண்டம் போவது உண்டு. எந்தத் திசையில் போயிற்று என்பதுதான் கேள்வி. மேலே இருந்து கீழே போயிற்று. கீழே இருந்து மேலே ஒரு கவளம்கூடப் போகவில்லை. "எங்கள் தாத்தா பண்ணையாளுக்கெல்லாம் வயிறாரச் சோறு போட்டார்" என்று பெருமை பேசுகிறவர்களை நாம் பார்க்கிறோம். அந்தத் தாத்தா அந்தப் பண்ணையாள் வீட்டில் ஒருநாள் ஒரு வாய் கஞ்சி வாங்கிக் குடித்தாரா என்று கேட்டால் பதிலைக் காணோம். போடுவது தர்மமாம், வாங்குவது பாவமாம். இப்படிப்பட்ட தர்மத்துக்குப் பெயர்தான் ஜாதி.

நிற்க, நம் இயக்கம் பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் மற்றப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் சோறு போட்டதைக் கண்டித்து 1924-25இல் தந்தை பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். அது காங்கிரஸ் பணமும் பொது ஜனங்கள் பணமும் போட்டு நடந்த பள்ளி. பணம் வாங்கும்போது ஒரே பெட்டி, சோறு போடும்போது இரண்டு பந்தி! பெரியார் 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரி உரிமை காரணம் என்றாலும், அதற்கு முன்பே மனம் கசந்தது இந்தப் பந்தியிலேதான்.

மலையாளத்தில் சகோதரன் அய்யப்பன் 1917ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி செறாயி என்ற ஊரில் மிசிரபோஜனம் நடத்தினார். ஈழவ வகுப்பில் பிறந்த அவர், புலையர் வகுப்பாரோடு உட்கார்ந்து தாமும் சாப்பிட்டுத் தம் இனத்தாரையும் சாப்பிட வைத்தார். என்ன பெரிய விருந்து என்கிறீர்களா? சோறும், பலாக்கொட்டையும் கடலையும் போட்ட ஒரு கறியும்தான். அதற்காக அவரைச் சொந்த ஜாதியார் சமூகத்தை விட்டு விலக்கினார்கள். "புலையன் அய்யப்பன்" என்று கேலிப்பெயர் வைத்தார்கள். அவர் அதையே பட்டமாக ஏற்றுக் கொண்டார். பலாக்கொட்டைக்கு அவ்வளவு சக்தி இருந்திருக்கிறது!

பிறகு ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பார்ப்பனருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம் என்றிருந்த அக்கிரமம் நம் கிளர்ச்சியால் 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் செய்து பல தோழர்கள் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைப் பலகையில் எழுதத் துணிந்தவர்கள் மிகவும் குறைவு. இன்று ஆகஸ்ட் 15ஆம் தேதி என்றால் கோயில்களிலேயே அரசாங்கச் செலவில் சமபந்தி விருந்து. மந்திரிமார்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற படம் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. வடை, பாயசத்தோடு சாப்பாடு. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் இந்த வெற்றிகள் எல்லாம் என்ன வெற்றிகள்? உட்காருகிற இடத்தைப் பற்றிய வெற்றிகள். பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற சண்டையில் நாம் பெரும்பாலும் ஜெயித்துவிட்டோம். இலையில் விழுகிற சோறு யார் வீட்டில் வெந்தது என்ற சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. கோயில் சமபந்தியில் எல்லோரும் சாப்பிடுவார்கள். எல்லோர் வீட்டுச் சமையலும் அங்கே வராது. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருகிற இந்தப் புது விருந்தில்தான் முதல் முறையாக எல்லோர் வீட்டுப் பானையும் ஒரே மேஜைக்கு வருகிறது. அதனால்தான் அந்த மேஜையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நாம் உற்றுப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

என்ன இருக்கிறது? முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன்னே ஆபீசில் இப்படிக் கூடிச் சாப்பிட்டால் புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மெதுவடை, கேசரி. அதாவது அந்த ஆடிப்பெருக்குச் சித்திரான்னமே ஆபீசுக்கு வந்தது. இன்றைக்கு வெஜிடபிள் பிரியாணி, பிரைடு ரைஸ், காலிபிளவர் மஞ்சூரியன், பன்னீர்க் குழம்பு, சப்பாத்தி, நூடுல்ஸ், பாஸ்தா, கேக். சீனா, இத்தாலி, பஞ்சாப் எல்லாம் நம் மேஜைக்கு வந்துவிட்டன. நமக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கப்பல் ஏறி வந்தவைதானே! போர்ச்சுக்கீசியர் 1498இல் வந்து இறங்குவதற்கு முன்னே இந்த நாட்டில் மிளகாயைக் கண்டவர் கிடையாது. திதிச் சமையலில் இன்னும் மிளகாயைச் சேர்க்காமல் மிளகு போடுகிற வைதிகரே, மற்ற நாட்களில் மிளகாய்ப் பொடியும் உருளைக்கிழங்கும் இல்லாமல் சாப்பிடுவதில்லை. பிதுருக்களுக்கு ஆகாதது இவருக்கு மட்டும் எப்படி ஆகிறதோ!

இத்தாலி வந்துவிட்டது, சரி. பக்கத்துத் தெரு வந்ததா என்பதுதான் நம் கேள்வி. கருவாட்டுக் குழம்பு வந்ததா? குடல் கறி வந்ததா? இரத்தப் பொரியல், நத்தை, நண்டு வந்ததா? மாட்டுக்கறி, பன்றிக்கறி வந்ததா? மழைக்காலத்தில் வறுத்துத் தின்கிற ஈசல் வந்ததா? இவைகளைத் தின்கிறவர்கள் இந்த நாட்டில் இல்லையா? 2014ஆம் ஆண்டு மத்திய அரசாங்கத்தாரே எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். 97 பேர் கறியும் மீனும் தின்கிற நாட்டில், பொது மேஜை என்று ஒன்று போட்டால் அதில் மூன்று பேருடைய சமையல் மட்டும் இருக்கிறது! இது எப்படி நேர்ந்தது என்று யோசித்தீர்களா?

யாரும் சட்டம் போடவில்லை. வெகுகாலமாக ஓட்டல் என்றால் பார்ப்பனர் ஓட்டல். கல்யாணச் சமையல் என்றால் அவர்கள் சமையல். அச்சிலும் அதுவே முன்னே நின்றது. எஸ்.மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட "சமைத்துப் பார்" நல்ல புத்தகம், கணக்காக அளவு சொல்லுகிற புத்தகம். புதிதாகக் கல்யாணமாகிப் போன எத்தனையோ பெண்கள் அதை வைத்துச் சமைத்தார்கள். அதில் கறியும் மீனும் கிடையாது. அவர் வீட்டில் இல்லாததை அவர் எழுதாதது குற்றமல்ல. ஆனால் ஒரு சிறு வகுப்பாரின் வீட்டுச் சாப்பாடு "தமிழ்ச் சாப்பாடு" ஆயிற்று. மற்றவர்கள் சாப்பாடு "எங்கள் ஆட்கள் சாப்பாடு" ஆயிற்று. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு எதை எடுத்துப் போவது, எதை வீட்டோடு வைத்துக் கொள்வது என்று யாரும் சொல்லாமலே நாமே கற்றுக் கொண்டோம். பிறர் தீண்டாதே என்றால் எதிர்த்துப் போராடலாம். தானே தன் பானையை மூடி வைத்துக் கொள்ளுகிறவன் யாரை எதிர்த்துப் போராடுவான்?

இழிவு பண்டத்தில் இல்லை, தின்கிறவன் அந்தஸ்தில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு பிரத்தியட்சமான உதாரணம் சொல்லுகிறோம். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், வரகுச் சோறு இவையெல்லாம் யார் ஆகாரமாக இருந்தன? காட்டு வேலைக்குப் போகிற ஏழை ஆகாரமாக இருந்தன. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கூழ் குடிப்பவன் வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். பிறகு ரேஷன் கடை வந்தது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாகவே கிடைத்தது. ஏழை வீட்டில் தினசரி நெல்லுச்சோறு வெந்தது. மிகவும் சந்தோஷம். அதற்குள்ளே பணக்காரருக்கு நீரிழிவு வந்தது, டாக்டர் கேழ்வரகு சாப்பிடச் சொன்னார். ஐக்கிய நாடுகள் சபையார் 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். இப்போது அதே கம்பு, அதே கேழ்வரகு கண்ணாடிப் பாத்திரத்தில், மேலே மாதுளை முத்துத் தூவி, பாட்லக் மேஜையின் நடுவிலே வந்து உட்கார்ந்திருக்கிறது! கூழுக்கு யோக்கியதை வந்துவிட்டது. கூழ் குடித்தவனுக்கு வந்ததா? கருவாட்டுக்கும் ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கிறவரை அதுவும் வீட்டோடுதான் கிடக்க வேண்டுமா?

நமக்குப் பழக்கமான ஒரு தோழர், சேரியில் பிறந்து படித்து ஒரு ஆபீசில் உத்தியோகம் பார்ப்பவர். முதல் தடவை இப்படி ஒரு விருந்து ஏற்பட்டபோது அவர் மனைவி விடியற்காலம் எழுந்து தக்காளிச் சாதம் செய்து பெரிய தூக்கில் கொடுத்து அனுப்பினார். கறி அல்ல, மீன் அல்ல. வெறும் தக்காளிச் சாதம். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், தட்டு ஏந்தி மேஜையைச் சுற்றி வந்தார்கள். ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தூக்கு மட்டும் மூடி திறந்தபடி நிறைய இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கோயில் வாசலில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, "எல்லாம் தீர்ந்துவிட்டது, நன்றாக இருந்தது என்றார்கள்" என்று மனைவியிடம் சொன்னாராம். அது முதல் அவர் கடையில் ஒரு கிலோ மிட்டாய் வாங்கிக் கொண்டு போகிறார். அது தீர்ந்துவிடுகிறது! தோழர்களே, தேர் ஓடாத தெருவையும் திறக்காத கோயிலையும் பற்றி நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். நிறையப் போய் நிறையத் திரும்பி வந்த அந்தத் தூக்கைப் பற்றி யார் பேசுவது? எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது? "எனக்குத் தக்காளி ஒத்துக்கொள்ளாது" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கடைப் பண்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்போது பாதிப் பேர் சமைத்துக் கொண்டு வருவதே இல்லை. போனில் சொன்னால் ஸ்விக்கிக்காரர் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். பக்கெட்டில் பிரியாணி வருகிறது. வேலைக்குப் போகிற வீடுகளில் அது ஒரு சௌகரியம், குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தப் பக்கெட் பிரியாணியைக் கிண்டினவன் எந்த ஜாதி, எந்த மதம், அரிசி களைந்தவள் எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கெட் அடிவரை காலியாகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டுத் தூக்கு மட்டும் நிறைய நிற்கிறது. கடைக்காரனுடைய கை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகையால் தீட்டு இல்லை. இவருடைய கையும் ஊரும் பெயரும் தெரிந்திருக்கிறது, ஆகையால் தீட்டு. பொருளில் இருக்கிற குணமானால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இருக்க வேண்டுமே! விஷம் என்றால் தெரியாமல் சாப்பிட்டாலும் கொல்லும். தெரிந்தால் மட்டும் கொல்லுகிற விஷம் உலகத்தில் இது ஒன்றுதான்.

"எல்லோரும் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சைவமாக வைக்கிறோம்" என்று சிலர் நியாயம் சொல்லுகிறார்கள். இது மேலுக்கு நல்ல வாதம்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சைவம் இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கரண்டி இருக்க வேண்டும். எதில் என்ன இருக்கிறது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். மாட்டுக்கறி தின்னாதவர், பன்றி தின்னாதவர், நிலக்கடலை ஒவ்வாதவர் எல்லோருக்கும் இது பொருந்தும். யாரையும் வாயைத் திறந்து கறியைத் திணிப்பது சுயமரியாதை ஆகாது. நம் கூட்டத்தில் கறி தின்னாத தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த விதத்திலும் பகுத்தறிவு குறைந்துவிடவில்லை. ஆனால், "நான் தின்னமாட்டேன்" என்பது ஒரு பேச்சு. "நான் தின்னாததை நீ என் கண் முன்னே கொண்டுவராதே" என்பது வேறு பேச்சு. முன்னது அவர் வயிற்றைப் பற்றியது. பின்னது நம் மானத்தைப் பற்றியது.

அந்தப் பின் பேச்சு எங்கேயெல்லாம் போகிறது என்று பாருங்கள். 2014இல் சென்னையில் பெரிய ஆங்கில நாளேடு ஒன்றின் ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்துக்குப் புலால் கொண்டுவரக்கூடாது என்று ஊழியர்களுக்கு அறிக்கை விட்டார்கள். உலகத்துக்கெல்லாம் பேச்சுரிமை பேசுகிற பத்திரிகை! 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடத்தில் சைவருக்கு ஒரு வாசல், கை கழுவத் தனித் தொட்டி, மற்றவருக்கு வேறு என்று காகிதம் ஒட்டினார்கள். மாணவர்கள் கூச்சல் போட்ட பிறகு ஒப்பந்தக்காரன் செய்தது என்று சொல்லிக் கிழித்துப் போட்டார்கள். கை கழுவுகிற தொட்டியில் சைவம் ஏது, அசைவம் ஏது? 1941இல் ரயில் நிலையத்தில் ஒழிந்தது 2018இல் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் முளைக்கிறது என்றால், வேரை நாம் இன்னும் பிடுங்கவில்லை என்றுதானே பொருள்?

பார்ப்பனரை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ளப் பார்க்கக்கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்க வந்த அம்மாள் அருந்ததியர் என்பதற்காக அவர் சமைக்கக்கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவைச் சேரிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள், மந்திரியும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. தடுத்தவர்கள் பூணூல் போட்டவர்களா? நம்மவர்கள்தான். சூத்திரன் என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நமக்குக் கீழே ஒருவன் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஆசை போகவில்லை. பசித்த பிள்ளை கையில் இருக்கிற உப்புமாவைத் தட்டிவிடுகிற பக்தியைவிட, அந்தப் பிள்ளைக்குச் சோறு ஆக்குகிற கை எந்த விதத்தில் தாழ்ந்தது?

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் இன்றைக்குச் சாம்பார் சாதம் கொண்டுவந்தேன்" என்று ஆண் தோழர்கள் சொல்லுகிறார்களே, கொண்டுவந்தவர் யார், செய்தவர் யார்? தூக்கிக் கொண்டு வந்ததைத் தவிர அவர் செய்தது என்ன? ஆபீசில் அவருக்குப் புகழ்; வீட்டில் அந்த அம்மாளுக்கு விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்த தூக்கக் கலக்கம். உத்தியோகம் பார்க்கிற பெண்ணானால் இன்னும் மோசம். அவர் கடையில் வாங்கிக் கொண்டு வந்தால், "சமைக்கத் தெரியாதா?" என்று கேட்கிறவர்கள், ஆண் கடையில் வாங்கி வந்தால், "பாவம், வேலை அதிகம்" என்கிறார்கள். சமபந்தியில் உட்காருகிறவர்களுக்குள்ளே சமத்துவம் வந்து, சமைக்கிறவளுக்கு மட்டும் அடிமைத்தனம் மிஞ்சுமானால் அதற்குப் பெயர் சமபந்தி அல்ல.

ஒருநாள் விருந்தால் ஜாதி போய்விடும் என்று நாம் சொல்ல வரவில்லை. டாக்டர் அம்பேத்கர் 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தாருக்காக எழுதி, அவர்கள் பயந்து மாநாட்டையே நிறுத்திவிட்டதால் பேசப்படாமல் அச்சான அந்த உரையிலே, சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் ஜாதி ஒழியாது, கலப்பு மணமும் சாஸ்திர நம்பிக்கை ஒழிவதும் வேண்டும் என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார். நம் "குடி அரசு" அதைத் தமிழில் வெளியிட்டு ஊர் ஊராகக் கொண்டு போயிற்று. அவர் சொன்னது முழுதும் சரி. ஆனால் ஒரு வீட்டுச் சோற்றையே வாயில் வைக்கத் தயங்குகிறவன் அந்த வீட்டில் பெண் கொள்ளுவானா, பெண் கொடுப்பானா? சம்பந்தி ஆவதற்கு முன்னே சாப்பிட்டாவது பார்க்கட்டும்.

ஆகவே நம் வட்டத்தார் இனிமேல் கூடிச் சாப்பிடுவதற்குச் சில ஏற்பாடுகளைச் சொல்லுகிறோம். பிடிக்காதவர்கள் ஆட்சேபிக்கலாம். எதைக் கொண்டுவருவது என்று யாருக்கும் பட்டியல் கொடுக்கப்படாது. அவரவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எதை விரும்பிச் சாப்பிடுகிறார்களோ அதைக் கொண்டுவரலாம். கறி, மீன் கொண்டுவருகிறவர்கள் சுடச்சுடக் கொண்டுவந்து, வந்தவுடன் பரிமாறிவிட வேண்டும். இது ஆசாரம் அல்ல, வயிற்றைக் காப்பாற்றும் வழி. பாத்திரத்தின் மேல் பண்டத்தின் பெயர் இருக்கட்டும். கொண்டுவந்தவர் பெயர் வேண்டாம். ஒவ்வாத பண்டம் தவிர எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துக் கொள்ள வேண்டும். இரண்டு கூட்டத்துக்கு ஒரு முறையாவது ஆண்கள் மட்டும் சமைக்க வேண்டும். தெரியாதவர்கள் ரசத்தில் ஆரம்பிக்கலாம், ரசம் கெட்டாலும் யாருக்கும் உயிர் போகாது.

அடுத்த கூட்டம் இந்த மண்டபத்தில் வேண்டாம். "எங்கள் தெருவுக்கு எல்லோரும் வர வேண்டும், நாங்கள் சமைக்கிறோம்" என்று காலனித் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். இதுவரை அவர்களைத்தான் நாம் இங்கே கூப்பிட்டுக் கொண்டிருந்தோம். நாம் அங்கே போனதில்லை. எத்தனை பேர் வருகிறோம் என்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு வராமல் இருக்கக்கூடாது. குடும்பத்தோடு வர வேண்டும், பிள்ளைகளையும் அழைத்துவர வேண்டும். தட்டும் டம்ளரும் அங்கேயே இருக்கின்றன. வீட்டிலிருந்து தனி டம்ளர் யாரும் எடுத்துவர வேண்டாம். சாப்பிட்ட பிறகு பாத்திரம் துலக்குகிற வேலையை ஏற்றுக் கொள்ள இதுவரை ஆறு ஆண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் தேவை.